பதினைந்து பிள்ளைகளும் ஒரு புதுப் பெட்டியும்

கோத்தகிரிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சர் கேட்டது இது. ஆறு முதல் எட்டு வரை படிக்கும் 15 பிள்ளைகள், ஜனவரியில் மூன்று சனிக்கிழமைகள், முன்னாள் மாணவர்கள் கொடுத்த கொஞ்சம் பணம். பிள்ளைகளை வைத்தே சின்னதாக ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் பூட்டி அதைப் பள்ளி நூலக அறையில் வைக்க வேண்டும். ராஸ்பெரி பை (உள்ளங்கை அளவே உள்ள கம்ப்யூட்டர் போர்டு) வாங்கினால் போதுமா, புதுப் பாகங்கள் வாங்குவதா, பழைய ஆபீஸ் மெஷின் வாங்குவதா, பிள்ளைகள் எதையாவது உடைத்துவிட்டால் என்ன செய்வது?

டீச்சர், கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. குன்னூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவன் நான். சில வருடங்களாகக் குளிர்காலத்தில் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து மெஷின் பூட்டுகிறேன், பிள்ளைகள் கையில் ஒரு பாகம் வீணாய்ப் போனது எனக்குத் தெரிந்து இரண்டே தடவை. இரண்டு தடவையும் யாரோ ஒரு பெரியவர் பக்கத்தில் நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை புதுப் பொருளைத் தொடும்போது நம்மைவிடப் பதனமாகத்தான் தொடும். நீங்கள் தயாராக இருக்க வேண்டிய விஷயம் வேறு: பூட்டி முடித்து பட்டனை அழுத்தினால் மெஷின் முதல் தடவை பெரும்பாலும் ஆன் ஆகாது. அந்த நேரத்தில் உங்கள் கையோ, உதவிக்கு வந்திருக்கும் யாருடைய கையோ உள்ளே போய் ஒரு கேபிளை அழுத்தி ஒரு நிமிஷத்தில் சரிசெய்துவிட்டால், அந்த மெஷின் அந்தப் பெரியவருடையது ஆகிவிடும். பிள்ளைகள் வேடிக்கை பார்த்தவர்கள் ஆகிவிடுவார்கள். ஏன் ஆன் ஆகவில்லை என்று அவர்களாகவே தேடிக் கண்டுபிடிக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும். அதனால் மூன்றாவது சனிக்கிழமையை முழுசாக அதற்கு ஒதுக்கிவிடுங்கள், பூட்டியதைப் பெட்டிக்குள் ஏற்றுவதைத் தவிர அன்றைக்கு வேறு எதையும் வைக்காதீர்கள்.

ராஸ்பெரி பை நல்ல பொருள்தான். 2012ல் வந்தபோது பிள்ளைகளை மனதில் வைத்தே கொண்டுவந்தார்கள், விலையும் குறைவாக இருந்தது. ஆனால் அதில் பூட்டுவதற்கு என்ன இருக்கிறது? பிராசசர் (கணக்குப் போடும் சிப்), ரேம் (வேலை நேரத்து நினைவகம்) எல்லாம் ஒரே போர்டில் ஒட்டியே வருகிறது, மெமரி கார்டைச் சொருகினால் வேலை முடிந்தது. எல்இடி எரியவைப்பது, சின்னச் சின்ன சென்சார் வைத்து மழை பார்ப்பது, பனி பார்ப்பது என்று அடுத்த வருடம் போகலாம் என்றால் அப்போது வாங்குங்கள். வாங்கினால் அதற்கென்று விற்கும் அடாப்டரையே வாங்குங்கள், ஐந்தாவது மாடல் 5 வோல்ட் 5 ஆம்பியர் கேட்கும், வீட்டில் கிடக்கும் போன் சார்ஜரில் அது ஒழுங்காக ஓடாது. இந்த வருடம் உங்களுக்கு அது வேண்டாம்.

முதல் சனிக்கிழமை எதையும் பூட்டாதீர்கள். பிரிக்க மட்டும் செய்யுங்கள். சர்வீஸ் கடைகளில் செத்துப்போன பழைய டெஸ்க்டாப் இரண்டு மூன்று எப்போதும் மூலையில் கிடக்கும், பழைய இரும்பு விலைக்கே கொடுத்துவிடுவார்கள், பள்ளிக்கு என்று சொன்னால் சும்மாவே தருபவர்களும் உண்டு. ஐந்து ஐந்து பேராக மூன்று கூட்டம், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு செத்த மெஷின், பிளஸ் வடிவ முனை உள்ள இரண்டு ஸ்டார் திருப்புளி, ஸ்க்ரூ போட ஒரு முட்டை அட்டை. முட்டை அட்டை சாதாரண விஷயமாகத் தெரியும், ஆனால் எந்தப் பாகத்தின் ஸ்க்ரூ எந்தக் குழியில் என்று பென்சிலால் எழுதிவைக்கும் பிள்ளை அன்றைக்கே பாதி மெக்கானிக். ஒவ்வொன்றையும் கழற்றுவதற்கு முன்னால் அது எங்கே எப்படி இருந்தது என்று நோட்டில் படம் வரையச் சொல்லுங்கள். போனில் போட்டோ எடுக்க விடாதீர்கள், வரையும்போதுதான் அந்த கேபிளில் இருபத்துநாலு ஓட்டை இருக்கிறது, இதில் நாலுதான் இருக்கிறது என்று கண்ணில் படும்.

பிரிக்கும்போது மூன்று விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மெஷினுக்கு மின்சாரம் மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது, பிளக்கைப் பிடுங்கியிருந்தாலும் கூடாது. நம் 230 வோல்ட் மின்சாரத்தை அது உள்ளே எடுத்ததும் 325 வோல்ட் பக்கம் டிசியாக மாற்றித் தடியான கெப்பாசிட்டரில் தேக்கிவைக்கும், மின்சாரம் நின்ற பிறகும் அது அங்கே இருக்கலாம். பழைய டப்பா மானிட்டர் கிடைத்தால் அதையும் திறக்கக் கூடாது. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் திறக்கலாம், திறக்கத்தான் வேண்டும், ஆனால் டெஸ்க்டாப்பில் வரும் பெரிய மூன்றரை இஞ்ச் டிஸ்க்காக இருக்கட்டும். லேப்டாப் டிஸ்க்குகளின் தட்டு பெரும்பாலும் கண்ணாடியில் செய்தது, அழுத்தினால் சுக்குநூறாக உடைந்து கண்ணில் தெறிக்கும். பெரிய டிஸ்க்கைத் திறக்க ஆறு முனை நட்சத்திர வடிவ டார்க்ஸ் திருப்புளி வேண்டும், கோவையில் ஒரு செட்டாக வாங்கிவிடுங்கள். உள்ளே இருக்கும் இரண்டு காந்தமும் பயங்கரமாக இழுக்கும், விரல் நடுவில் மாட்டினால் ரத்தம் கட்டிவிடும், வீட்டுக்கு எடுத்துப்போக விடாதீர்கள், தம்பி தங்கை யாராவது விழுங்கிவிட்டால் ஆபத்து.

அந்த ஹார்ட் டிஸ்க்கைத் திறந்ததும் எல்லாப் பிள்ளைகளும் முதலில் அதில் முகம் பார்ப்பார்கள். பார்க்கட்டும். அப்புறம் அந்தச் சின்னக் கை போன்ற பாகத்தைக் காட்டி, அது தட்டைத் தொடுவதே இல்லை, தட்டு சுழலும் வேகத்தில் எழும் காற்று மெத்தையின் மேல், முடியின் தடிமனைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்கிறது என்று சொல்லுங்கள். மலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதில் தனியாக ஒரு சுவாரஸ்யம் உண்டு. சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஊசித் துளை இருக்கும், பக்கத்தில் இதை மூடாதே என்று எழுதியிருக்கும், வெளிக்காற்றின் அழுத்தமும் உள்காற்றின் அழுத்தமும் ஒன்றாக இருக்கத்தான் அது. காற்று மெலிந்தால் மெத்தையும் மெலியும். அதனால்தான் பெரும்பாலான டிஸ்க்குகளுக்குக் கடல்மட்டத்திலிருந்து 3,000 மீட்டர் உயரம் வரைதான் என்று கம்பெனியே எல்லை போட்டுவிடுகிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர், நாம் தப்பித்தோம். 3,500 மீட்டரில் இருக்கும் லே நகரத்தில் இதே டிஸ்க் கொஞ்சம் சிரமப்படும். நம் ஊரில் குக்கர் இல்லாமல் பருப்பு ஏன் வேக மாட்டேன் என்கிறது என்று கேளுங்கள், ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரி பக்கமே கொதித்துவிடும் என்பதையும் இந்தத் துளையையும் ஏதாவது ஒரு பிள்ளை தானாகச் சேர்த்துவிடும். நான் சொல்லிக் கொடுத்ததை அவர்கள் மறந்துவிடுகிறார்கள், தாங்களாகச் சேர்த்ததை மறப்பதில்லை.

இனி வாங்குவது. பழைய ஆபீஸ் மெஷின் (கம்பெனிகள் கழித்துப்போட்டதைத் துடைத்து விற்பது) மலிவு, புதிதாகப் பூட்டும் மெஷினின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும், நல்ல இரும்புப் பெட்டி, இன்னும் பல வருடம் உழைக்கும். ஆனால் பூட்டிப் பழக அது அவ்வளவு ஏற்றதில்லை. பெரிய பிராண்டுகளின் ஆபீஸ் மெஷின்களில் எஸ்எம்பிஎஸ் முதல் பவர் பட்டன் கேபிள் வரை அவர்களுக்கே உரிய வடிவம், நாளைக்கு ஒன்று கெட்டால் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. இன்னொன்று, விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது, விண்டோஸ் 11 வேண்டுமானால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும் என்கிறார்கள். மலிவாகக் கிடைக்கும் மெஷின்களில் பாதிக்கு மேல் அதற்குக் கீழேதான். லினக்ஸ் போடுவதாக இருந்தால் இது ஒரு பிரச்சினையே இல்லை, நான் லினக்ஸ்தான் போடச் சொல்வேன், அதற்குப் பிறகு வருகிறேன். பணம் ரொம்பக் குறைவாக இருந்தால் பழைய மெஷினையே வாங்கி, முழுசாகப் பிரித்து மறுபடி பூட்டுங்கள். கொஞ்சம் கூடுதலாக இருந்தால் ஒரே ஒரு மெஷினுக்குப் புதுப் பாகங்கள் வாங்குங்கள்.

சின்ன மெஷின் என்றதும் கடைக்காரர் மினி ஐடிஎக்ஸ் அளவு மதர்போர்டு (மற்றப் பாகங்களெல்லாம் மாட்டும் தாய்ப் பலகை) காட்டுவார், 17 சென்டிமீட்டர் சதுரம், பார்க்க அழகாக இருக்கும். வேண்டாம். போர்டு விலை கூடுதல், பெட்டிக்குள் கேபிள் போக இடம் இருக்காது, ஐந்து பிள்ளைகள் சுற்றி நின்றால் உள்ளே ஒரு கைதான் போகும். மைக்ரோ ஏடிஎக்ஸ் 24.4 சென்டிமீட்டர், அதற்கான சின்ன கேபினெட்டும் மேஜை மேல் அடக்கமாக நிற்கும். அதை வாங்குங்கள்.

பிராசசர் வாங்கும்போது ஒரு எழுத்தைக் கவனிக்க வேண்டும், இதில் ஏமாந்த கதை எனக்கு உண்டு. தனியாக கிராபிக்ஸ் கார்டு போடாத மெஷினில் படம் காட்டும் வேலையைப் பிராசசரே செய்ய வேண்டும். ஏஎம்டி கம்பெனியின் ரைசன் பிராசசரில், ஏஎம்4 சாக்கெட்டில் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) பொருந்தும் வகையில், 5600ஜி, 3200ஜி என்று எண்ணுக்குப் பின்னால் ஜி இருந்தால்தான் அந்த வசதி உண்டு. இன்டெல்லில் கடைசியில் எஃப் என்று இருந்தால் அந்த வசதி கிடையாது. ஒரு தடவை நான் போனில் சொன்ன சாமானைக் கடையில் மாற்றி எஃப் போட்டதைக் கட்டி அனுப்பிவிட்டார்கள், நான் பெட்டியைப் பார்க்காமல் அப்படியே பள்ளிக்குக் கொண்டுபோனேன். பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் பூட்டினார்கள். ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, திரை கருப்பு. ரேமைக் கழற்றி மாட்டினார்கள், கேபிளை மாற்றினார்கள், மானிட்டரை மாற்றினார்கள். கடைசியில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, ஓரமாகக் கிடந்த பிராசசரின் காலி அட்டைப் பெட்டியை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்து, "அண்ணா, இதுல கிராபிக்ஸ் கார்டு தனியா வேணும்னு போட்டிருக்கே" என்றாள். உண்மையிலேயே பெட்டியின் ஓரத்தில் அச்சடித்திருந்தது. அன்றிலிருந்து காலி அட்டைப் பெட்டி எதையும் நான் தூக்கிப்போட விடுவதில்லை, எல்லாவற்றையும் மேஜையின் ஒரு பக்கம் அடுக்கிவைத்து, சந்தேகம் வந்தால் முதலில் பெட்டியைப் படி என்று சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைகளுக்கு ஏஎம்4 நல்லது என்பது என் கருத்து. அதில் ஊசிகள் பிராசசரின் அடியில் இருக்கின்றன, ஒன்றிரண்டு வளைந்தால் பொறுமையாக பிளேடு முனையால் நிமிர்த்திவிடலாம். இன்டெல்லின் புது சாக்கெட்டுகளில் ஆயிரத்துக்கு மேல் நுண்ணிய ஸ்பிரிங் ஊசிகள் மதர்போர்டிலேயே இருக்கும், அதன்மேல் ஸ்வெட்டர் நூல் மாட்டினால்கூட போர்டு போச்சு. ரேம் டிடிஆர்4, எட்டு எட்டு ஜிபியாக இரண்டு. ஒரே பதினாறைவிட இரண்டு எட்டு வேகம், அதோடு பிள்ளைகளுக்கு மாட்ட ஒன்றுக்கு இரண்டு கிடைக்கும், ஒன்று கெட்டதா என்று மாற்றிப் பார்க்கவும் உதவும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி 256 ஜிபி போதும். எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள், கேபினெட்டோடு இலவசமாக வருவதை நம்பாதீர்கள், பெயருள்ள கம்பெனியின் 450 வாட் ஒன்று தனியாக வாங்குங்கள். விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது, ரேம் விலை ரொம்பவே ஆடுகிறது, அதனால் இங்கே தொகை எழுதவில்லை, கோவை காந்திபுரத்தில் இரண்டு மூன்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மலையில் பூட்டும்போது பார்த்துக்கொள்ள வேண்டியவை கீழே சமவெளியில் இருப்பவர்கள் எழுதும் குறிப்புகளில் இருக்காது. ஜனவரிக் காலை, சாமான் பெட்டிகள் இரவெல்லாம் குளிர்ந்த அறையில் கிடந்திருக்கும். பதினைந்து பிள்ளைகள் மூச்சுவிடும் சூடான வகுப்பறைக்குள் கொண்டுவந்து உடனே பிரித்தால் இரும்பில் பனி வேர்க்கும், மூக்குக் கண்ணாடியில் படர்வதுபோல. பெட்டியைத் திறக்காமல் அந்த அறையிலேயே இரண்டு மூன்று மணி நேரம் வைத்திருந்து அப்புறம் திறங்கள். மழை நாளில் ஈரம் என்றால், பனிக்காலத்தில் நேர்மாறு: காற்று வறண்டு கிடக்கும், பிள்ளைகள் எல்லோரும் நைலான் கலந்த ஸ்வெட்டரில் இருப்பார்கள், கழற்றும்போது படபடவென்று பொறி தெறிப்பதை அவர்களே இருட்டில் பார்த்திருப்பார்கள். அந்த நிலைமின்சாரம் நமக்குச் சுரீர் என்று உறைக்க மூவாயிரம் வோல்ட் பக்கம் வேண்டும், சிப்புக்கு அதில் ஒரு சின்னப் பங்கு போதும், நமக்குத் தெரியாமலே போய்விடும். அதனால் வெயில் ஏறிய பிறகு, பத்தரை பதினொரு மணிக்கு ஆரம்பியுங்கள், போர்டைத் தொடுகிறவர்கள் ஸ்வெட்டரைக் கழற்றி மாட்டிவிட்டு வரட்டும். எஸ்எம்பிஎஸ்ஸை மூன்று முனை பிளக்கில் சொருகி, சுவரில் ஸ்விட்ச்சை மட்டும் அணைத்துவைத்தால் அதன் இரும்புப் பெட்டி எர்த்தோடு சேர்ந்தே இருக்கும், பாகத்தை எடுக்கும் முன் ஒவ்வொரு தடவையும் அதை ஒரு முறை தொட்டுவிட்டு எடுப்பது பழக்கமாகட்டும், கோயில் படியைத் தொட்டுக் கும்பிடுவதுபோல.

ஆனால் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா? பழைய பள்ளிக் கட்டடங்களில் மூன்றாவது ஓட்டை இருக்கும், பின்னால் வயர் இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முன்கூட்டியே பாருங்கள், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 230 பக்கம் காட்ட வேண்டும், ஒன்றும் காட்டாவிட்டால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஒரு யுபிஎஸ் கட்டாயம். வடகிழக்குப் பருவமழையில் கோத்தகிரியில் மரம் சாய்ந்து லைன் போவது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, போவதைவிடத் திரும்பி வரும்போதுதான் ஆபத்து, வோல்ட் எகிறி வரும். இடி இடித்தால் பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல நம் ஊரிலேயே கதை இருக்கிறது: ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வகம், 2014 டிசம்பர் 1ஆம் தேதி தலைக்கு மேல் போன ஒரு இடிமேகத்துக்குள் சுமார் 130 கோடி வோல்ட் இருந்ததைக் கணித்துச் சொன்னது. வானத்திலிருந்து வரும் மியூவான் துகள்கள் அந்த மேகத்தைத் தாண்டும்போது எத்தனை குறைந்தன என்பதை வைத்துக் கணக்குப் போட்டார்கள். இதைச் சொன்னால் யுபிஎஸ்ஸே போதுமே என்று எந்தப் பிள்ளையும் வாதாடாது.

இரண்டாவது சனிக்கிழமை பூட்டுவது. கேபினெட்டுக்குள் வைக்காமல், மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே போர்டை வைத்துப் பிராசசர், கூலர், ரேம், எஸ்எஸ்டி எல்லாம் மாட்டுங்கள். பிராசசரைக் கையில் எடுக்கும் பிள்ளை ஒருத்தர், மூலையில் இருக்கும் தங்க முக்கோணத்தை சாக்கெட்டில் இருக்கும் முக்கோணத்தோடு சேர்க்கச் சொல்லுங்கள், அழுத்தக் கூடாது, சரியாக வைத்தால் தன் எடைக்கே உள்ளே இறங்கிவிடும். இறங்கவில்லை என்றால் திசை தப்பு. இந்த ஒரு இடத்தில் மட்டும் பெரியவர் பக்கத்தில் உட்கார வேண்டும், கையை மடியில் வைத்துக்கொண்டு. பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் கூலரின் அடியிலேயே தடவி வந்திருக்கும், தனியாகப் போடுவதாக இருந்தால் ஒரு பச்சைப் பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம். ரைசனோடு வரும் கூலருக்கு நாலு ஸ்க்ரூ, அதை மாட்டுவதற்கு முன் போர்டின் மேல் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் கட்டையைக் கழற்றும்போது போர்டுக்குப் பின்னால் இருக்கும் தகடு பொத்தென்று விழும், ஒரு பிள்ளை அதைக் கீழிருந்து பிடித்துக்கொள்ளட்டும், பிடித்துக்கொள்வதும் ஒரு வேலைதான் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். ஸ்க்ரூவை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும், அப்பா ஜீப்பில் டயர் மாற்றும்போது செய்வதுபோல என்றால் எஸ்டேட் பிள்ளைகளுக்குப் பட்டென்று புரியும். ரேம் மட்டும் நேர்மாறு, அதற்கு நல்ல அழுத்தம் வேண்டும், போர்டு லேசாக வளையும், பிள்ளைகள் பயந்து பாதியில் விட்டுவிடுவார்கள், இரண்டு கிளிப்பும் டக்கென்று பூட்டும் சத்தம் கேட்கும்வரை அழுத்தச் சொல்லுங்கள்.

அப்புறம் நான் ரொம்ப விரும்பும் ஒரு கட்டம். கேபினெட் இல்லையே, பவர் பட்டன் எங்கே? போர்டின் ஓரத்தில் இரண்டு ஊசிகள் இருக்கும், பக்கத்தில் பவர் என்று எழுதியிருக்கும், எந்த இரண்டு என்று போர்டோடு வந்த புத்தகத்தில் படம் இருக்கும், பிள்ளைகளே பார்த்துக் கண்டுபிடிக்கட்டும். ஒரு திருப்புளி முனையால் அந்த இரண்டையும் ஒரு நொடி சேர்த்துத் தொட்டால் மெஷின் உயிர் பெறும். பட்டன் என்பது இரண்டு கம்பியைச் சேர்த்துவிடும் ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான் என்பது அந்த நொடியில் அவர்களுக்குப் புரிந்துவிடும், வீட்டில் காலிங் பெல், டார்ச், மிக்ஸி எல்லாவற்றையும் அன்றைக்குச் சாயங்காலம் வேறு கண்ணோடு பார்ப்பார்கள். அந்த ஊசிகளில் 5 வோல்ட்டுக்கு மேல் இல்லை, கை பட்டாலும் ஒன்றும் ஆகாது, எல்லோரும் ஒரு முறை தொட்டு ஆன் செய்து பார்க்கட்டும். ஓடியதும் நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, ரேம், எஸ்எஸ்டி, கேபிள்களை மட்டும் கழற்றி அடுத்த கூட்டத்திடம் கொடுங்கள். ஒரே மெஷினை மூன்று கூட்டமும் மூன்று தடவை பூட்டலாம். பிராசசரையும் கூலரையும் மட்டும் மறுபடி கழற்றாதீர்கள், பேஸ்ட் ஒட்டிக்கொண்டு கூலரோடு பிராசசரும் பிடுங்கிக்கொண்டு வந்து ஊசி வளையும். அந்த இரண்டு வேலையையும் செய்து பார்க்க ஆசைப்படும் மற்றவர்கள் முதல் வாரம் பிரித்த செத்த போர்டில் செய்து பழகட்டும்.

மூன்றாவது சனிக்கிழமை கேபினெட்டுக்குள் ஏற்றுங்கள். போர்டுக்குக் கீழே பித்தளைக் கால்கள் முடுக்குவார்கள் இல்லையா, போர்டில் ஓட்டை இருக்கும் இடத்தில் மட்டும்தான் கால் இருக்க வேண்டும், ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு கால் மிஞ்சி நின்றால் போர்டின் அடியில் இடித்து ஷார்ட் ஆகும். இதை மட்டும் முடுக்கும் முன்பே எண்ணிச் சரிபார்க்கச் சொல்லிவிடுங்கள், பாகம் போய்விடக் கூடிய தப்பை அனுபவத்தில் கற்க விடக் கூடாது. பாகம் போகாத தப்புகளை நடக்க விடுங்கள். அவை எவை என்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் பதறாமல் இருக்க உதவும். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் இருக்கும் ஸ்விட்ச்சைப் போடாமல் விட்டிருப்பார்கள், ஒரு அசைவும் இருக்காது. இருபத்துநாலு ஊசி கேபிளை மாட்டிவிட்டுப் பிராசசருக்கு மேல் மூலையில் மாட்ட வேண்டிய எட்டு ஊசி கேபிளை மறந்திருப்பார்கள், ஃபேன் சுற்றும், திரை வராது. ரேம் ஒரு பக்கம் மட்டும் பூட்டியிருக்கும், அப்போதும் திரை வராது. முன்பக்க பட்டனின் கேபிளைப் பக்கத்து ஊசியில் மாட்டியிருப்பார்கள், பட்டன் வேலை செய்யாது, ஆனால் திருப்புளி தந்திரம் வேலை செய்யும், அதிலிருந்தே தப்பு கேபிளில்தான் என்று பிடித்துவிடுவார்கள்.

தேடுவதற்கு ஒரே ஒரு விதி கொடுங்கள்: ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மாற்றியதை எழுத வேண்டும். கரும்பலகையில் ஒரு பிள்ளை எழுதிக்கொண்டே வரட்டும், என்ன செய்தோம், என்ன நடந்தது. ஐந்து பேர் ஐந்து கையை உள்ளே விட்டு ஐந்தையும் அசைத்தால் மெஷின் ஆன் ஆனாலும் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும், அது ஆகாததைவிட மோசம். அழுகை வரும், சண்டை வரும், "நான் அப்பவே சொன்னேன்" வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் வந்து "டீச்சர், இது சரியா" என்று கேட்டால் "புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது" என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள். நாற்பது நிமிஷம் கழித்துத் திரையில் முதல் எழுத்து வரும்போது அவர்கள் போடும் சத்தத்தை நான் விவரிக்கப்போவதில்லை, நீங்களே கேட்பீர்கள்.

சாப்ட்வேருக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ வகை போதும், பழைய மெஷினாக இருந்தாலும் 4 ஜிபி ரேமில் சுகமாக ஓடும், காசு இல்லை, பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போனால் இன்டர்நெட் இல்லாத பள்ளியிலும் போட்டுவிடலாம். சின்னப் பிள்ளைகளுக்கு ஜிகாம்ப்ரி (விளையாட்டாகப் பாடம்), டக்ஸ் பெயின்ட் (படம் வரைய) சேர்த்துவிடுங்கள். தமிழ்99 விசைப்பலகையைக் கண்டிப்பாகப் போட்டுக் கொடுங்கள். 1999ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த தரம் அது, உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம், இரண்டு நாளில் கை பழகிவிடும். ஆங்கிலத்தில் அம்மா என்று தட்டித் தமிழ் வரவழைப்பதைவிட இது பிள்ளைகளுக்கு எளிது, தமிழில் அவர்கள் யோசிக்கும் வரிசையிலேயே விரல் போகும்.

ரேம் என்றால் எவ்வளவு என்பதை விளக்க ஒரு கணக்கு சொல்கிறேன். கோத்தகிரி என்று தட்டச் சொல்லுங்கள். நம் கண்ணுக்கு அது ஐந்து எழுத்து. மெஷினுக்கு அது க, ஓகாரக் குறி, த, புள்ளி, த, க, இகரக் குறி, ர, இகரக் குறி என்று ஒன்பது துண்டு. தமிழின் ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பைட், ஆக 27 பைட். 8 ஜிபி ரேம் ஒன்றில் கோத்தகிரி என்று எத்தனை தடவை எழுதலாம் என்று வகுத்துப் பார்க்கச் சொன்னால் 31 கோடிக்கு மேல் வரும். நீளமான வகுத்தல் கணக்கு என்று முகம் சுளிக்கும் பிள்ளைகூட இதைப் போடும், அடுத்து தன் பெயருக்குப் போடும், படகர் வீட்டுப் பிள்ளை தன் ஹட்டியின் (ஊரின்) பெயருக்குப் போடும். ஒரு பெயரில் எழுத்து ஐந்தாக இருந்தும் பைட் ஏன் கூடுகிறது குறைகிறது என்று கேள்வி வந்தால் அந்த வகுப்பு மணி அடித்த பிறகும் முடியாது.

அப்புறம் அந்த மெஷின் நூலகத்தில் எப்படி உயிரோடு இருக்கும் என்பது. மேஜைக் காலில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள், முதல் பக்கத்தில் எந்தப் பாகம் எந்த மாடல், எந்தக் கடை, எந்தத் தேதி என்று பிள்ளைகளே எழுதட்டும், பில்லை ஒட்டிவையுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஏப்ரலில் போய்விடுவார்கள், அதனால் ஒவ்வொரு கூட்டத்திலும் ஆறாம் வகுப்புப் பிள்ளை இரண்டு பேர் கட்டாயம் இருக்கட்டும். கேபினெட்டுக்குள் சிலிக்கா ஜெல் பை எதுவும் போட வேண்டியதில்லை, மெஷினைத் தினமும் ஒரு மணி நேரம் ஓடவிட்டால் அதன் சூடே ஈரத்தை விரட்டிவிடும். மழை மாதங்களில் வாரக்கணக்கில் மூடிவைத்தால்தான் பூஞ்சை பிடிக்கும், பச்சை துரு ஏறும். மே மாத லீவிலும் யாரையாவது சாவி வாங்கிப்போய் வாரம் இரண்டு நாள் போட்டு வைக்கச் சொல்லுங்கள். நாலைந்து வருடத்தில் மெஷின் திடீரென்று தேதியை மறந்து பழைய வருடத்தைக் காட்ட ஆரம்பித்தால் பயப்பட வேண்டாம், போர்டில் இருக்கும் காசு போன்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும், சிஆர்2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும், மாற்ற ஒரு நிமிஷம். அதை நீங்கள் மாற்றாதீர்கள், அந்த வருடம் ஏழாவதில் இருக்கும் பிள்ளையைக் கூப்பிடுங்கள்.

சாமான் வாங்கும் முன் லிஸ்ட்டை எழுதி எனக்கு ஒரு தடவை காட்டிவிடுங்கள், பிராசசரின் கடைசி எழுத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிறேன்.